ஆழாக்கும் அரிச்சுவடியும்

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் என்ன கற்பார்கள் என்ற கேள்வியை நம் தலைமுறை அதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை. 2020 மார்ச் மாதத்தில் அந்தக் கேள்வி நம் ஒவ்வொருவர் வாசலுக்கும் வந்து நின்றது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் அடியெடுத்து வைத்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடையே கழிந்தவை பத்தொன்பது மாதங்களுக்கு மேல். 2020ஆம் ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதியப்பட்ட குழந்தை வகுப்பறை என்பதை முதன்முதலாகக் கண்டபோது, ஏட்டில் அது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அரிச்சுவடியைத் தொடாமலே அரிச்சுவடியைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் நம் பங்கில் மட்டும் இருபதுக்குக் குறையாமல் இருந்தனர்.

நமது பங்கு சோமனூரைச் சுற்றியுள்ள விசைத்தறிச் சிற்றூர்களில் பரவிக் கிடப்பது. தறிக்கூடங்களில் கூலிக்கு வேலை செய்வோரே மக்களுள் பெரும்பாலோர். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது உண்மை. கைப்பேசியிலும் வந்தது. ஆனால் வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையின் சட்டைப்பையில் தறிக்கூடத்துக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவனுக்கே முதலிடம் கிடைத்தது, அவனுக்குத் தேர்வு இருந்ததால். கடைக்குட்டி தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து பாடத்துக்கும் விளம்பரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வயதில் நாமும் அப்படித்தான் இருந்திருப்போம்.

நமது பங்கில் ஓர் அருட்சகோதரி இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார். 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு மாலை அவர் நம்மிடம் ஒரு தாளைக் கொடுத்தார். வருகிற இரண்டாம் சனிக்கிழமை, அதாவது பிப்ரவரி 12 அன்று, ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் தத்தம் வீட்டிலேயே நாள் முழுதும் என்னென்ன செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. காலையில் அரிசியை அளப்பது, பிறகு வீட்டுப் பொருள்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது, தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதுவது, கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவது, பிற்பகலில் பல்லாங்குழி, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதை கேட்டு அதை மறுபடி அவருக்கே சொல்வது. புதிதாக ஒரு பொருளும் வாங்கக்கூடாது என்று கீழே கோடிட்டிருந்தார். கைப்பேசி வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. “எழுதினால் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள், சாமி” என்றார்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் தாள்களைக் கொடுத்தபோது தாய்மார்கள் பலர் வாங்கிக்கொண்டனர். ஒரு தாய் மட்டும் தாளைத் திருப்பி நீட்டினார். “எனக்கே எழுத்துத் தெரியாதுங்க சாமி. நானெங்கீங்க சொல்லிக் குடுக்கறது?” அவர் கேட்டது மறுப்பாக அன்று, வெட்கமாக. பின்னால் நின்ற இன்னும் இரண்டு மூன்று தாய்மார்களின் முகத்திலும் அதே கேள்வி இருந்ததைக் கண்டோம். கல்வி என்பது எழுத்தறிந்தவர் எழுத்தறியாதவருக்குக் கொடுக்கும் பொருள். தம்மிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று அந்தப் பெண்கள் திடமாக நம்பினர். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நம்மைப் போன்ற படித்தவர்கள்தாம் என்பதில் ஐயமில்லை. தாளைத் திருப்பி வாங்காமல், அவர் மூத்த மகனிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னோம். அந்தச் சனிக்கிழமை முதலில் போனது அவருடைய வீட்டுக்கே.

சிறுமிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியே சொல்லுவாள். கூட்டிப் படிக்க வராது. ‘ப’ என்பாள், ‘டி’ என்பாள். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்டால் நம் முகத்தைப் பார்ப்பாள். நாம் சென்றபோது அவளும் அவளுடைய அமுச்சியும் திண்ணையில் ஒரு முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாயின் தாயைக் கொங்கு நாட்டில் அமுச்சி என்பது வழக்கம். கிழவிக்கு எழுத்து வாசனை கிடையாது. கையில் பழைய இரும்புப் படி ஒன்றும் ஆழாக்கு ஒன்றும் இருந்தன.

“அம்முணி, அரைப்படிக்கு எத்தனை ஆழாக்கு? போட்டுப் பாத்துச் சொல்லு.”

சிறுமி போட்டுப் பார்த்து நான்கு என்றாள். கால்படிக்கு இரண்டு என்று போடாமலே சொன்னாள். “காலுல பாதி?” என்றார் அமுச்சி. சிறுமி ஆழாக்கையே தூக்கிக் காட்டினாள். “அதுக்குப் பேரு அரைக்கால். அதுல பாதி மாகாணி.” முழு ஒன்றை எட்டாகப் பகுத்து ஒரு பங்கை எடுப்பது எட்டில் ஒன்று, அதையும் பகுத்தால் பதினாறில் ஒன்று. பள்ளியில் பின்னப் பாடம் என்று பலகையில் எழுதி, வட்டம் வரைந்து, வட்டத்தை வெட்டி, பிள்ளைகளை அழவைத்துச் சொல்லும் பாடம் இது. எழுத்தறியாத கிழவி அதை அரிசியால் சொல்லிக்கொண்டிருந்தார். தான் பாடம் நடத்துவதாக அவருக்குத் தெரியவில்லை. “நீங்க வாத்தியாரம்மா ஆயிட்டீங்களே, பாட்டிம்மா” என்றதற்கு, “அட போங்க சாமி, அரிசி அளந்திட்டிருக்கிறேன்” என்றார்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்று இருந்தது. முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால் என்று கீழ்வாய்க் கணக்கும் மேல்வாய்க் கணக்கும் வாய்ப்பாடமாகப் பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டன. மெட்ரிக் அளவை வந்தபின் அவை பாடநூலிலிருந்து நீங்கின. நீங்கியது சரியே, 320இல் ஒரு பங்கு முந்திரி என்று இன்று எந்தப் பிள்ளையும் அறிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று கையால் அளந்து அறிந்த அறிவு, சமையலறைகளில் நமக்குத் தெரியாமலே உயிரோடு இருக்கிறது.

அண்ணன்காரன் ஆறாம் வகுப்பு. பழைய நோட்டு அட்டைகளைக் கிழித்து, கதவு, குடம், அம்மி, சன்னல் என்று எழுதிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தான். இரும்புப் படியிலும் ஒன்று ஒட்டினான். சிறுமி வழக்கம்போல ‘ப’, ‘டி’ என்று நிறுத்தினாள். அமுச்சிக்கு அட்டையில் இருப்பது என்னவென்று தெரியாது. ஆனால் பொருள் தெரியும். படியைத் தூக்கி ஆட்டி, “இது என்னன்னு தெரியாதா உனக்கு?” என்று அதட்டினார். “படி” என்றாள் சிறுமி. சொல்லிவிட்டு அட்டையை மறுபடி பார்த்தாள். பிறகு ஓடிப்போய் வாசற்படியில் அண்ணன் ஒட்டியிருந்த அட்டையை, யாரும் சொல்லாமலே, ‘படி’ என்று படித்தாள். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பது அவளுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. அண்ணன் மூன்றாவது படியையும் சொல்லிக் கொடுத்தான்: “படி, படி!” அந்தத் தாய் அடுப்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் புறப்படும்போது மெல்ல, “இந்த அட்டையெல்லாம் ஒரு மாசம் இருக்கட்டுங்களா சாமி?” என்று கேட்டார். பிள்ளைக்காக என்றுதான் முதலில் எண்ணினோம்.

மணலில் விரலால் எழுதுவது பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தில் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக் குருவானவர். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதமும் மையும் வேண்டாத அந்த முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் எழுத்தறிந்தது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்ற இந்த வழியில்தான். சென்னையிலிருந்து கடல் கடந்து போன பாடம் அது. நாம் அதை மறந்துவிட்டுச் சிலேட்டுக்குக் காசில்லை என்று பிள்ளையைச் சும்மா உட்கார வைத்திருந்தோம்.

மரியா மாண்டிசோரி அம்மையாரையும் இங்கே நினைக்கலாம். 1907 சனவரி 6 அன்று உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய சிறார் இல்லத்தில், பிள்ளைகள் ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு ஊற்றினார்கள், கூட்டினார்கள், பொருளைத் துடைத்து இடத்தில் வைத்தார்கள். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் சுற்றித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். 1939இல் அடையாற்றுக்கு வந்தவர் போரின் காரணமாக நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் சில காலம் இருந்தார். 1946இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு பெருந்தொகை வாங்கும் பள்ளிகள் கோவையில் பல. அந்தப் பள்ளிகளில் பிள்ளை பயறு பொறுக்குவதைப் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்புகிறார்களாம். நம் அமுச்சி இதைக் கேட்டால் என்ன சொல்லுவார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

இரண்டாவதாகப் போன வீட்டில் யாரும் இல்லை. பக்கத்துத் தறிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஊரே ஓசையற்றுக் கிடந்தது. கூலி உயர்வு கேட்டு, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக் கூடங்கள் 2022 சனவரி 9 முதல் ஓடவில்லை. தடதடவென்ற ஓசையோடு உறங்கி ஓசையோடு விழித்துப் பழகிய மக்களுக்கு அந்த அமைதி நோயைப் போல இருந்தது. வேலை நின்று ஐந்தாம் வாரம். தறிக்கூடத்துக்குள் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்து வந்து, நின்றுபோன தறியின் மேல் கிடந்த துணியைக் காட்டிக்கொண்டிருந்தார் தந்தை. நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, அதைச் சுமந்து போவது நாடா என்று சொல்லி, இழை எண்ணும் சிறு பூதக்கண்ணாடியை மகன் கையில் கொடுத்திருந்தார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணவேண்டும். பையன் முதலில் 47 என்றான், பிறகு 51 என்றான், மூன்றாம் முறை 52 என்றான். தந்தை எண்ணிப் பார்த்து 52 சரி என்றார். எண்பதைக் கடந்தால் எண்ணத் தடுமாறும் பையன், இரண்டு அங்குலத்துக்கு எத்தனை என்று தந்தை கேட்டதும், தறியின் மேலேயே விரலால் எழுதிக் கூட்டி 104 என்றான்.

“கடைக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்துச்சுங்க சாமி. காசு குடுத்து அனுப்ப இப்ப தோதில்லீங்க. அதான் இங்க கூட்டியாந்துட்டேன்” என்றார் அந்தத் தந்தை. நமக்கு ஒரு கணம் வாய் எழவில்லை. பையன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தன் தந்தை தன்னைவிட விரைவாக எண்ணுகிறார் என்பதே அவனுக்கு அன்றைய பெரிய செய்தி.

லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பத்தின் சிறுமி ஒருத்தியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பல்லாங்குழிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பலகை இல்லை, தரையில் ஏழும் ஏழுமாகப் பதினான்கு குழிகளைச் சுண்ணாம்பால் வட்டமிட்டிருந்தார்கள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. அவள் ஒடியாவில் எண்ணினாள், இவர்கள் தமிழில் எண்ணினார்கள். எழுபதும் தீர்ந்து கணக்குப் பார்த்தபோது சண்டை மட்டும் ஒரே மொழியில் நடந்தது. வசதியான ஒரு வீட்டில், “பிள்ளைக்கு டியூஷன் இருக்குங்க ஃபாதர், சாயங்காலம் செய்யச் சொல்றேன்” என்றார்கள். செய்தார்களா என்று நாம் கேட்கவில்லை. இன்னும் சில வீடுகளில் தாள் தொலைந்துபோயிருந்தது. தாய் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வீட்டில், எட்டு வயதுப் பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாளில் எழுதியிருந்த எந்தப் பணியும் புதிதன்று. ஆண்டு முழுதும் அதைத்தான் செய்கிறாள். அவளுக்கு வேண்டியது வீட்டில் இன்னொரு பாடம் அன்று, வீட்டைவிட்டு வெளியே ஒரு பள்ளிக்கூடம்.

ஆகவே வீடு போதும், பள்ளி எதற்கு என்று யாராவது பேசினால் நாம் உடன்படமாட்டோம். தமிழகத்தின் ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் மூன்று பொருளியலறிஞர் ஆய்ந்திருக்கின்றனர். பள்ளிகள் மூடிக்கிடந்ததால் பிள்ளைகள் இழந்தது மிகப் பெரிது. கணக்கில் இழந்தது மொழியில் இழந்ததைவிட அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மாலை நேரத்தில் நடந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ வகுப்புகளால் மீண்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர் ஒருவர், ஏறத்தாழ இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நமது கோவில் தாழ்வாரத்திலும் ஒரு வகுப்பு நடந்தது. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்த ஓர் இளம்பெண் நடத்தினார். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். பிள்ளைகளிலும் பாதிப்பேர் மாரியம்மன் கோவில் தெருவினர். திருப்பலி நாட்களில் அவர்களும் செருப்பை வெளியே வரிசையாக விட்டு, பூசை முடியட்டும் என்று அமைதியாகக் காத்திருந்தார்கள். நம் சொந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை போதாது.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுவதை நாம் மறையுரைகளில் அடிக்கடி எடுத்தாள்வதுண்டு. அதே பகுதியில், குடும்பத்தின் இந்தக் கடமைக்குச் சமுதாயம் முழுவதும் துணைநிற்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதற்பகுதி பெற்றோரைக் கண்டிப்பதற்கு வசதியானது. ஆதலால் அது நினைவில் நிற்கிறது. இரண்டாம் பகுதி நம்மையும், பங்குப் பேரவையையும், தறிக்கூலியை நிர்ணயிப்போரையும் தொடுவது; ஆதலால் மறந்துபோகிறது. இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுகிறது. கதவு நிலைகளில் எழுதிவைக்கவும் சொல்லுகிறது. அந்த வீட்டின் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய அட்டையைக் கண்டபின், இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கதவே கண்முன் வருகிறது. வீட்டில் ஒரு தந்தை இருக்கவேண்டும், அவருக்கு நேரம் இருக்கவேண்டும், அவர் களைத்துப்போகாமல் இருக்கவேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பழைய நூல் சொல்லாமலே கொள்கிறது.

தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபின் ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் வந்தது. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள். அருட்சகோதரி புதிய தாள் எழுதியிருந்தார்; குருத்தோலையை எத்தனை மடிப்பில் சிலுவையாக்கலாம் என்று அதில் ஒரு பணி இருந்தது. இம்முறை பாதி வீடுகளில்தான் நடந்தது. இழை எண்ணிய தந்தை இரவு ஷிப்டு முடித்து உறங்கிக்கொண்டிருந்தார். அவர் மகன் திண்ணையில் தனியே ஓலை கிழித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி எங்கே என்று கேட்டோம். அது தறிக்கூடத்துக்காரருடையது என்றான். தாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை மாதம் ஒரு சனிக்கிழமை கோவில் தாழ்வாரத்துக்கே வரச் சொல்லி, ஓய்வாக இருக்கும் தாத்தா பாட்டிமாரையும் உடன் அழைக்கலாம் என்று அன்று மாலை அருட்சகோதரியும் நாமும் முடிவு செய்தோம். அமுச்சி தம் படியையும் ஆழாக்கையும் கொண்டுவர ஒப்புக்கொண்டார், பத்திரமாகத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

அதைக் கேட்கப் போயிருந்தபோதுதான் அந்த வீட்டு அட்டைகள் கூடியிருப்பதைக் கண்டோம். அண்ணன்காரன் எழுத்துக்கு நடுவே, கோணலான வேறொரு கையெழுத்தில் நான்கைந்து அட்டைகள். தாய் நம்மைக் கண்டதும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விளக்கு மாடத்துக்கு மேலே இருந்த அட்டையில் ‘விலக்கு’ என்று எழுதியிருந்தது. சிறுமி ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, பென்சிலால் அந்த ‘ல’வை ‘ள’வாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.